பேர் போடாத நான்கு சீட்டுகள்

வேண்டாம் அக்கா. என் பெயரை அந்த நோட்டில் எழுதாதீர்கள்.

தப்பாக நினைக்காதீர்கள். என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலேயே ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தீர்கள். தண்ணீர் கொடுத்தீர்கள். பேரைச் சொல், ஜெபித்துக்கொள்கிறேன் என்றீர்கள். யாரும் இவ்வளவு செய்ய மாட்டார்கள். நானும் சபைக்குப் போகிற பிள்ளைதான். ஜெபத்தில் நம்பிக்கை இல்லாமல் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம்பிக்கை இருப்பதால்தான் சொல்கிறேன். நான் கேட்ட ஜெபம் ஒன்று எழுத்துக்கு எழுத்து அப்படியே நிறைவேறியிருக்கிறது. அதிலிருந்துதான் இந்த நடுக்கம். இல்லை, அது பொய். நடுக்கம் அதற்கு முன்பே உண்டு. கூடியது அதிலிருந்து.

இந்த பஸ் தென்காசி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். சொல்கிறேன். ஆனால் நோட்டை மூடி வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் எனக்குப் பேச வராது.

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்குப் பக்கம். அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அம்மா பீடி சுற்றுகிறார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கணிதம் படித்து, பி.எட். முடித்தேன். எங்கள் சபைக்குச் சொந்தமாக ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நான் படித்த பள்ளிக்கூடம். அதில் கணக்கு டீச்சர் வேலை ஒன்று காலியானது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த வேலை எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். போன புதுவருஷத்துக்குக் கோயிலில் எடுத்த அட்டையில் எனக்கு வந்த வாக்குத்தத்த வசனமும் அப்படித்தான் இருந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. வியாதி என்று சொல்லலாமா தெரியவில்லை. காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். நாளைக்கு நடக்காத ஒன்றை இன்றைக்கே நடந்ததாக நினைத்து உடம்பு வியர்க்கும். தூக்கம் வராது. பி.எட். பரீட்சை சமயத்தில் அது முற்றி, பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். அம்மாவுக்கு மட்டும் தெரியும். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஒருநாள் அங்கே மனநலப் பிரிவு வரிசையில் நிற்கும்போது வயலட் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார்கள்.

வயலட் டீச்சர் யார் என்று சொல்ல வேண்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர்கள். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அவர்கள்தான் செயலாளர். கோயிலில் முதல் பெஞ்சு, இடது ஓரம். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் நான் கணக்கில் நூறு வாங்கியபோது எல்லோர் முன்னாலும் ஒன்று சொன்னார்கள். "கட்டு கட்டா பீடி எண்ணுத வீடுல்லா, கணக்கு வராம இருக்குமா." வகுப்பு முழுக்கச் சிரித்தது. பாராட்டித்தான் சொன்னார்கள் என்று அம்மா சொல்வார்கள். எனக்கு இருபத்து நாலு வயதாகிறது. அது பாராட்டா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்த மாத்திரைப் பையோடு வந்தவர்கள், நின்று, வரிசைக்கு மேலே தொங்கிய பலகையை நிதானமாக வாசித்துவிட்டு, "என்னளா எமீமா, இங்க நிக்க?" என்றார்கள். தலைவலி, டீச்சர் என்றேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து நேர்முகத் தேர்வு. மூன்று கமிட்டி உறுப்பினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பகு எண், பகா எண் எப்படி நடத்துவாய் என்று கேட்டார்கள். சொன்னேன். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். கை நடுங்கவில்லை, அக்கா, அதைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நடுங்கவில்லை. கடைசியில் நடுவில் இருந்தவர் பேனாவை மூடிவிட்டு, ரொம்ப அன்பாகக் கேட்டார். "தூக்கமெல்லாம் நல்லா வருதாம்மா? மாத்திர கீத்திர எதுவும் எடுக்கியா?"

அதற்குமேல் என்ன பேசினேன் என்று நினைவில்லை. வேலை வேறு ஒருத்திக்குப் போனது. யாருக்கு? வயலட் டீச்சரின் தங்கை மகளுக்கு.

நீங்களே சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்தது அவர்கள். லாபம் அவர்கள் வீட்டுக்கு. நான் கணக்குப் படித்தவள். இரண்டையும் கூட்டினால் என்ன வரும்?

நான் சண்டைக்குப் போகவில்லை. அப்பா போகிறேன் என்றார். நான்தான் தடுத்தேன். ஆண்டவர் கையில் விட்டுவிடலாம் அப்பா என்றேன். உண்மையாகவே விட்டுவிட்டேன். வேதத்தில் எதிராளிகளைப் பற்றி ஆண்டவரிடம் முறையிடுகிற பகுதிகள் இருக்கின்றன அல்லவா, அவற்றைத் தேடித் தேடி அடிக்கோடிட்டு, காலையும் மாலையும் வாசித்தேன். பல்லை உடைக்கச் சொல்கிற இடத்தில் வயலட் டீச்சரின் பல்வரிசை எனக்குக் கண்முன் தெரியும். மேல்வரிசையில் ஒரு பல் கட்டியிருப்பார்கள். அதுவும் சேர்த்து உடைய வேண்டுமா, வேண்டாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். பழிவாங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நியாயம் நடக்க வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபக்குறிப்புப் பெட்டி. யாருக்கு என்ன கஷ்டமோ ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். காணிக்கைப் பாட்டு முடிந்ததும் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். பசு கன்று போடுவதையும் புற்றுநோயையும் ஒரே குரலில் வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு நிமிஷம் எல்லோரும் தலைகுனிந்து ஜெபிக்க வேண்டும். பெயர் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் போடாத சீட்டு என்றால் எல்லோருக்கும் காது கூர்மையாகிவிடும். ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக என்று வாசித்தால் போதும், தலை குனிந்திருக்கும், கண் மட்டும் அந்த சகோதரி உட்கார்ந்திருக்கிற பெஞ்சுக்குப் போகும்.

நான் முதல் சீட்டை எழுதினேன்.

இடது கையால் எழுதினேன். சின்ன வயதில் வேப்ப மரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்து அரை வருஷம் கட்டுப் போட்டிருந்தார்கள். அப்போது பழகியது. யாருடைய எழுத்து என்று தெரியாது. ஒரு பொய்கூட எழுதவில்லை. பெயர் எழுதவில்லை. ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று முறை சரிபார்த்தேன். "ஒரு ஏழைப் பிள்ளைக்கு வரவிருந்த வேலையைத் தன் வாயால் கெடுத்த சகோதரிக்காக ஜெபிக்கவும்." அவ்வளவுதான். இதில் என்ன தப்பு இருக்கிறது? ஜெபிக்கத்தானே கேட்டேன்.

உபதேசியார் வாசித்தார். தலைகள் குனிந்தன. இரண்டு மூன்று கண்கள் முதல் பெஞ்சின் இடது ஓரத்துக்குப் போயின. அந்த வேலை யாருக்குக் கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியுமே. வயலட் டீச்சரின் பிடரியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கொண்டை அசையவில்லை.

அன்றைக்கு வீட்டில் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. எனக்காக மனவேதனை என்று நினைத்தேன்.

இரண்டாவது வாரம் இன்னும் கொஞ்சம் தெளிவாக எழுதினேன். "பெண்கள் கூட்டத்தில் ஜெபிக்கிற அதே நாவால் பிறருடைய ரகசியத்தை வெளியே சொன்ன சகோதரி மனந்திரும்ப ஜெபிக்கவும்." செயலாளர் என்று எழுதவில்லை. பெண்கள் கூட்டம் என்றால் எல்லோருக்கும் புரியும். புரிந்தது. ஒரு பெஞ்சு முழுக்கத் திரும்பியது. அந்த வாரம் பலசரக்குக் கடையில் டீச்சரின் தங்கை மகள் சீனி வாங்கப் போயிருக்கிறாள். "வேலக்காரம்மா வாராவ, வழி விடுங்கப்பா, நம்ம வேலயும் போயிராம" என்று யாரோ சொல்ல, சீனி வாங்காமலே திரும்பிவிட்டாளாம். எனக்குச் சொன்னவர்கள் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். நானும் சிரித்தேன். பிறகு வேதத்தை எடுத்து, நன்றி சொல்லி ஜெபித்தேன். ஆண்டவர் கிரியை செய்கிறார் என்று எவ்வளவு தைரியமாக இருந்தது தெரியுமா? மாத்திரை போடாமலே இரண்டு நாள் தூங்கினேன். விசுவாசம் பெருகினால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா செவ்வாய்க்கிழமைப் பெண்கள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரு செவ்வாய் தவறாதவர்கள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போவ" என்றார்கள். வயலட் டீச்சர் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டேன். அம்மாவுக்கும் என்னைப் போலவே கோபம் இருக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது. காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு உபவாசம் இருக்க ஆரம்பித்தார்கள். எனக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் இருக்கிறார்கள், வேறு எதற்கு இருப்பார்கள்?

மூன்றாவது சீட்டு. அதை எழுதும்போது எனக்குக் கோபம் அதிகம். ஏனென்றால் அந்த வாரம் டீச்சர் புதுச் சேலை கட்டி வந்தார்கள். முகத்தில் ஒரு வாட்டம் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறதா என்று நற்கருணை அப்பம் வாங்கப் போகிற சாக்கில் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இல்லை. அப்பத்தை வாங்கினேனா என்பது மறந்துவிட்டது, கருவளையம் இல்லாதது மட்டும் ஞாபகம் இருக்கிறது. சீட்டில் எழுதினேன். "அந்தச் சகோதரி தன் பாவத்தை உணரும்வரை அவருக்குத் தூக்கம் வராமலும் சோறு இறங்காமலும் இருக்க ஆவியானவர் கிரியை செய்ய ஜெபிக்கவும்."

உபதேசியார் பாதியில் ஒரு முறை தயங்கினார். ஆனால் வாசித்து முடித்தார். முந்நூறு பேர் ஆமென் சொன்னார்கள். அந்த முந்நூறில் என் அம்மாவும் ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோரையும்விடக் கொஞ்சம் பிந்தி, ஆமென் என்றார்கள்.

ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற முறை அந்த மாதம் டீச்சருக்கு வர வேண்டியது. அதை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்கள். எனக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. வீட்டில் அம்மா ஒரு நாளைக்குச் சுற்றுகிற பீடியில் பாதிகூட முடிக்கவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ரவிக்கை தோளில் தொளதொளவென்று நின்றது. நான் பார்த்தேன், அக்கா. பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். இதற்கும் சேர்த்து டீச்சர் பதில் சொல்வார்கள் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன்.

நான்காவது சீட்டில் ஒரே வரி. "அந்தச் சகோதரி இன்றே சபையின் முன் எழுந்து நின்று அறிக்கை செய்ய ஜெபிக்கவும்."

வாசித்தார். தலைகள் குனிந்தன. நான் குனியவில்லை. முதல் பெஞ்சின் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திரு, எழுந்திரு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைத்தான் அன்றைக்கு ஜெபம் என்று நினைத்தேன்.

என் பக்கத்தில் சேலை சரசரத்தது. அம்மா எழுந்து நின்றார்கள்.

நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். ஏதோ முடியாமல் வெளியே போகிறார்கள் என்று நினைத்தேன். அம்மா என் கையை விலக்கிவிட்டார்கள். கோயிலில் அதுவரை வாய் திறந்து பேசியதில்லை அவர்கள்.

"அது நாந்தான் ஐயா. செவ்வாக்கெழம கூட்டத்துல, எம்பிள்ளைக்கு மனசு படபடப்பா இருக்கு, ஒறக்கம் இல்ல, மாத்திர போடுதா, இந்த வேல கெடச்சா சரியாயிரும், எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்கன்னு நாந்தான் சொன்னேன். ஜெபிக்கத்தான் சொன்னேன். அது வேலைக்கே வெனையாப் போவும்னு தெரியாமப் போச்சு. நாலு வாரமா ஆண்டவரு என்னயத்தான் கூப்பிடுதாரு. எம்பிள்ள பொழப்ப நானே எவ்வாயால கெடுத்துட்டேன்."

மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது.

நாற்பது பெண்கள் இருந்த கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒருத்தி தன் வீட்டுக்காரரிடம் சொல்லியிருப்பாள். அவர் கமிட்டியில் சொல்லியிருப்பார். என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கஷ்டம் வந்தால் நாலு பேரிடம் சொல்லி ஜெபிக்கக் கேட்பது. காய்ச்சலுக்கு அப்படித்தான் கேட்டார்கள். என் பரீட்சைக்கு அப்படித்தான் கேட்டார்கள். இதற்கும் கேட்டார்கள்.

நாற்பது பேருக்குத் தெரிந்த என் ரகசியம் அன்றைக்கு முந்நூறு பேருக்குத் தெரிந்தது. அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார். அவருக்கு அப்போதுதான் தெரியும். அவர் முகத்தை நான் இப்போதும் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

என் ஜெபம் கேட்கப்பட்டது, அக்கா. தூக்கம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. எழுந்து நின்று அறிக்கை செய்தாயிற்று. நான் எழுதியதில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இதற்குப் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. வீட்டுக்கு வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, அந்த நாற்பது பேரில் கமிட்டிக்குக் கொண்டுபோனது யார் என்பதுதான். அம்மா ஜெபிக்கச் சொன்னதைக் கொண்டுபோய் விற்றவள் ஒருத்தி இருக்கிறாளே, அவள் எழுந்திருக்கவில்லையே. புதன்கிழமை சாயங்காலம் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இடது கையில் பேனாவைப் பிடித்தேன். ஒரு சகோதரி என்று எழுதிவிட்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வயலட் டீச்சர். எங்கள் வீட்டுப் படி ஏறியதே இல்லை அவர்கள். அம்மா பீடிக் கடைக்குப் போயிருந்தார்கள். டீச்சர் உட்காரவில்லை. என் கையைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள். "அஞ்சாவதும் எழுதியாச்சா?" என்றார்கள்.

நான் தாளை உள்ளங்கையால் மூடினேன்.

கைப்பையிலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார்கள். வாசித்து முடித்த சீட்டுகளை உபதேசியார் செயலாளரிடம்தான் கொடுப்பார் என்பது எனக்குத் தெரியாது. "வலது கைய ஒடிச்சிக்கிட்டு வந்தப்போ இடது கையப் பிடிச்சு எழுதப் படிச்சுக் குடுத்தது யாருன்னு மறந்துபோச்சோ? மொத வாரமே தெரியும்."

அக்கா, அரை வருஷம். தினமும் சாப்பாட்டு மணியில் தன் சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, என் இடது கைமேல் தன் கையை வைத்து எழுதவைத்தவர்கள். யாருக்கும் தெரியாத எழுத்து என்று எந்த எழுத்தை நினைத்தேனோ, அதை எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்கள். அந்தப் பீடி எண்ணுகிற வார்த்தை மட்டும் பதினாலு வருஷமாக எனக்கு மனப்பாடம். இது மறந்துவிட்டது.

நான் கேட்டேன். தெரிந்தும் ஏன் டீச்சர் சொல்லவில்லை? என் அம்மாதான் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களை யாரும் பார்த்திருக்க மாட்டார்களே?

"சொல்லி? உங்கம்மைய எல்லாரும் பாக்கணுமாக்கும்? என்னயப் பாத்தா எனக்கு என்ன தேஞ்சா போவும், அம்பத்தேழு வயசாச்சு. ஆனா அவளே எந்திரிப்பான்னு நான் நெனைக்கல." வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "உனக்காகச் செஞ்சேன்னு நெனச்சுக்கிடாத. எந்தங்கச்சி மக நாலு நா அழுதா. அதுக்கு உன்ன நாலு அறை அறையணும்னுதான் வந்தேன்" என்றார்கள். பிறகு சீட்டுகளை என் பக்கம் தள்ளினார்கள். "எடுத்து வை. உங்கம்ம கையில சிக்கிரப்படாது."

அறையவில்லை. அறைந்திருக்கலாம். அறைந்திருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணம் மிஞ்சியிருக்கும். அவர்கள் குற்றம் செய்யாமல் போனதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிரிக்காதீர்கள். உண்மையாகச் சொல்கிறேன்.

டீச்சர் போனபின் நான் ஜெபிக்கப் பார்த்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. யார்மேல் கேட்பது என்று தெரியவில்லை. ஆண்டவரே என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. எழுதவும் இல்லை, வாசிக்கவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாரோ பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஒன்றும் கேட்காமல், ஒன்றும் திருத்தாமல். நாலு வாரம் கோபத்தில் வந்த தைரியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இதில் நான் ஜெயிக்கவில்லை. ஆனாலும் பயமாக இல்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

இப்போது தென்காசியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன். காலையில் கிளம்பும்போது அம்மா என் தலையில் கையை வைத்தார்கள். வாயைத் திறக்கவில்லை. படி இறங்கும்போது பின்னாலிருந்து, "யாருட்டயும் சொல்லலளா. ஆண்டவருட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன்" என்றார்கள்.

மாத்திரை போடுகிறாயா என்று இங்கேயும் கேட்டால், ஆமாம் என்று சொல்லப்போகிறேன். அந்த பயம் போய்விட்டது. முந்நூறு பேருக்குத் தெரிந்தது இன்னும் மூன்று பேருக்குத் தெரிந்தால் என்ன?

பயம் வேறு. சீட்டுகளை எழுதியது யார் என்று அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நாலு சீட்டும் இதோ இந்தக் கைப்பையில் இருக்கின்றன. வீட்டில் வைக்க பயம், கிழிக்கவும் முடியவில்லை. அம்மா இப்போது சாப்பிடுகிறார்கள். தூங்குகிறார்கள். மனப்பாரம் இறங்கிவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்கள். வருகிற ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி சொல்கிற ஞாயிறு. எழுந்து சாட்சி சொல்லப் போகிறார்களாம். பேர் போடாமல் எழுதிய அந்தப் புண்ணியவதிக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். இன்று காலையில்கூட, எனக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னார்கள். "எழுதின அந்தக் கைய ஆண்டவரு ஆசீர்வதிக்கணும்."

தலை பின்னுகிறபோது நான் இந்தக் கையைத்தான் மடியில் வைத்திருந்தேன்.

பாவூர்சத்திரம் தாண்டிவிட்டதா? இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அந்த நோட்டைக் கொஞ்சம் திறங்கள் அக்கா. பரவாயில்லை, திறங்கள். பெயர், ஊர், காரணம், பதில் கிடைத்த தேதி. அழகாகக் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். வயலட் டீச்சர் பெயரையும் எழுதவா என்று கேட்காதீர்கள். அது இன்றைக்கு என்னால் முடியாது. என் பெயரை மட்டும் எழுதுங்கள். எமீமாள். ஊர் வேண்டாம். காரணம் என்று இருக்கிற கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதை நான் சனிக்கிழமைக்குள் அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பதில் நான் எழுந்து நிற்பேன்.

அன்றைக்கு வயலட் டீச்சர் மட்டும் கோயிலுக்கு வராமல் இருந்தால் நன்றாக இருக்கும். வேண்டுமானால் அதற்கு ஜெபியுங்கள்.

இல்லை, அதை எழுதாதீர்கள். அடித்துவிடுங்கள். வரட்டும். முதல் பெஞ்சில், அவர்கள் இடத்திலேயே உட்காரட்டும்.